கவசம் கொடுத்தாயிற்று, போட மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

புதுசூப்பர்வைசர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரும்பு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராகி மூன்று மாதம் ஆகிறது. அதற்கு முன் அதே இடத்தில் ஃபிட்டராக இருந்தேன். என் கீழே பதினாறு பேர். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, இயர்பிளக், மாஸ்க், சேஃப்டி ஷூ எல்லாமே எல்லோருக்கும் கொடுத்திருக்கிறோம். காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லோரும் போட்டிருப்பார்கள். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கும், மாஸ்க் தாடைக்கு இறங்கியிருக்கும், இயர்பிளக் கயிற்றோடு கழுத்தில் தொங்கும்.

போன வாரம் கிரைண்டிங் செய்துகொண்டிருந்த ஒரு பையனுக்குக் கண்ணில் இரும்புத் துகள் விழுந்துவிட்டது. டாக்டர் எடுத்துவிட்டார், பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தபோது கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. "ஏன்டா போடல?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான், பதிலே இல்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். நேற்று இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி நிற்கிறார்கள். அபராதம் போடலாமா என்று யோசிக்கிறேன். மனசு ஒப்பவில்லை, சும்மா விடவும் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லேத்பட்டறை எழுதியது:

தம்பி, அபராதம் வேண்டாம். அந்தப் பையன் தலையைக் குனிந்தான் என்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. நீங்கள் கேட்டது கேள்வி போலவே அவனுக்குக் கேட்டிருக்காது, திட்டாகத்தான் கேட்டிருக்கும். அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, "கண்ணாடி எப்போது நெற்றிக்குப் போனது? அந்த நேரத்தில் உனக்கு என்ன தொந்தரவு?" என்று கேட்டுப் பாருங்கள்.

முப்பது வருடமாக லேத், மில்லிங், டிரில்லிங் என்று பார்த்தவன் நான். கண்ணாடியைக் கழற்றுவதற்கு முதல் காரணம் ஆவி படிவது. மாஸ்க் மூக்கின் மேல் சரியாக உட்காராவிட்டால் மூச்சுக்காற்று முழுவதும் மேலே ஏறிக் கண்ணாடியில் போய்ப் படியும். மாஸ்க்கின் மேல் விளிம்பில் ஒரு மெல்லிய தகடு இருக்கிறதே, அதை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து இரண்டு பக்கமும் இடைவெளி விழும். இரண்டு கை விரல்களாலும் மூக்கின் நடுவிலிருந்து கன்னம் வரை தடவி அழுத்த வேண்டும். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அப்புறம், ஆவி படியாத பூச்சு உள்ள லென்ஸ் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கிரைண்டிங்குக்குக் கண்ணாடி மட்டும் போதாது. அதன் மேல் முகத்தை முழுதாக மறைக்கும் ஷீல்டும் வேண்டும். ஷீல்டு மட்டும் போட்டாலும் போதாது, பொறி கீழேயிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் உள்ளே வரும். 100 மில்லிமீட்டர் டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. டிஸ்க் உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் கிளம்பும். டிஸ்க்கை மூடியிருக்கும் காப்பு மூடியை, அதாவது கார்டைக் கழற்றிய கிரைண்டர் ஏதாவது உங்கள் பட்டறையில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். டிரில்லிங் மெஷினில் நிற்பவர்கள் கையுறை போட்டிருக்கிறார்களா?

புதுசூப்பர்வைசர் எழுதியது:

ஆமாம் அண்ணா, போட்டுத்தான் செய்கிறார்கள். "எல்லா வேலைக்கும் எப்போதும் கையுறை" என்று நான்தான் போர்டு எழுதி மாட்டினேன்.

லேத்பட்டறை எழுதியது:

அந்த போர்டை இன்றைக்கே இறக்கிவிடுங்கள் தம்பி.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், மிகவும் நிதானமானவர். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு டிரில்லிங் மெஷினில் துளை போட்டுக்கொண்டிருந்தார். சுருள் சுருளாக வந்த பிசிரை விரலால் ஒதுக்கினார். கையுறையின் நுனியில் ஒரு நூல் பிரிந்திருந்தது, அவ்வளவுதான். துளை போடும் பிட்டில் அந்த நூல் சுற்றியது, பின்னாலேயே கையுறை, கையுறையோடு விரல். வெறும் கையாக இருந்திருந்தால் தோல் கிழிந்திருக்கும், கை வெளியே வந்திருக்கும். கையுறை கிழியவில்லை, அதனால் கை வரவில்லை. நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் வினாடிக்குப் பத்து. ஆபத்து என்று உணர்ந்து கையை இழுக்க நமக்குக் கால் வினாடி ஆகும். அதற்குள் பிட் இரண்டரைச் சுற்று சுற்றிவிடும். நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு விரல் போயிற்று. அன்றைக்கு அவர் விதிப்படிதான் கையுறை போட்டிருந்தார்.

சுழலும் எதற்குப் பக்கத்திலும் கையுறை, தொளதொள சட்டைக்கை, கழுத்துத் துண்டு, விரித்த முடி கூடாது. பிசிரை பிரஷ்ஷால் தள்ளுங்கள், அதுவும் மெஷின் நின்ற பிறகு. ஜாப்பை, அதாவது வேலை செய்யும் இரும்புத் துண்டை, கையால் பிடிக்காமல் கிளாம்பில் பிடியுங்கள். தகடு தூக்க, அடுக்க, வெட்டு விளிம்பைத் தொட கையுறை அவசியம், மெஷினுக்கு வரும்போது அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

கறார்பேச்சு எழுதியது:

எல்லோரும் மென்மையாகப் பேசுகிறீர்கள். நான் கட்டடப் பணியில் இருபது வருடம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவன். ஆவி, அரிப்பு, வியர்வை எல்லாம் சாக்கு. "எனக்கு ஒன்றும் ஆகாது" என்ற எண்ணம்தான் உண்மையான காரணம். பழைய ஆட்களிடம் அது இன்னும் அதிகம். நான் ஒரு முறை சொல்வேன், இரண்டாம் முறை வெளியே அனுப்பிவிடுவேன். என் தளத்தில் எல்லோரும் போடுகிறார்கள்.

செவிப்பரிசோதகர் எழுதியது:

கறார்பேச்சு ஐயா, நீங்கள் சொல்லும் எண்ணம் பலரிடம் இருப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் அந்தப் பக்கம் போனதும் என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை. காதைப் பொறுத்தவரை போட்டிருக்கும் நேரத்தை விடக் கழற்றிய நேரம்தான் கணக்கில் அதிகம் பேசும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் என்பது வழக்கமாகப் பரிந்துரைக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி, 100 டெசிபலுக்கு வெறும் பதினைந்து நிமிடம். இப்போது ஒருவர் 30 டெசிபல் குறைக்கும் நல்ல இயர்பிளக் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். எட்டு மணி நேர ஷிஃப்டில் அங்கங்கே கழற்றியது எல்லாம் சேர்த்து 48 நிமிடம். மீதி ஏழு மணிக்கு மேல் போட்டுத்தான் இருந்தார். அவருக்கு அன்று கிடைத்த பாதுகாப்பு 30 இல்லை, ஏறக்குறைய 10 டெசிபல்தான். இந்தக் கணக்கைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, காகிதத்தில் போட்டுக் காட்டுவேன்.

ஏன் கழற்றுகிறார்கள் என்று என்னிடம் வருபவர்களைக் கேட்டிருக்கிறேன். "பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை", "கிரேன் ஹாரன் கேட்கவில்லை, பயமாக இருக்கிறது". இது சாக்கு இல்லை ஐயா. அளவுக்கு மீறிக் காதை அடைத்தாலும் ஆபத்துதான். உள்ளே போய்ச் சேரும் சத்தம் 75-லிருந்து 80 டெசிபலுக்குள் இருந்தால் நல்லது. 70-க்குக் கீழே போனால் மனிதர் சுற்றுப்புறத்திலிருந்து துண்டிக்கப்பட்டது போல உணர்வார், கழற்றிவிடுவார். ஆகவே இருப்பதிலேயே அதிக எண் உள்ளதை வாங்குவதை விட, சத்தத்தை அளந்து அதற்கு ஏற்றதை வாங்குவதுதான் சரி.

போடும் விதமும் முக்கியம். நுரை இயர்பிளக்கை விரலால் உருட்டி மெல்லிய குச்சி போல ஆக்குங்கள். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னும் இழுங்கள், அப்போதுதான் துளை நேராகும். உள்ளே விட்டு முப்பது வினாடி விரலால் பிடித்திருங்கள், அது மெல்ல விரிந்து அடைத்துக்கொள்ளும். சரியாக அமர்ந்ததா என்று பார்க்க உரக்கப் பேசுங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளே கனமாகக் கேட்டால் சரி. காதுக்கு வெளியே பாதி தெரிகிற மாதிரி செருகியிருப்பது பெயருக்குத்தான். உள்காதில் சத்தத்தை உணரும் முடியணுக்கள் செத்துப்போனால் திரும்ப முளைப்பதில்லை. இதைச் சொல்ல வேண்டிய வயதில் யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

ஆய்வகச்செல்வி எழுதியது:

லேத்பட்டறை அண்ணா சொன்ன கையுறைக் கதையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. போட்டிருக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதாது, எதற்கு எதைப் போட்டிருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் கேரன் வெட்டர்ஹான். நச்சு உலோகங்கள் பற்றிய ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்ற திரவத்தைக் கையாண்டபோது ஓரிரு துளி அவர் கையுறையின் மேல் விழுந்தது. கண்ணாடி போட்டிருந்தார், காற்றை உறிஞ்சும் கூண்டுக்குள்தான் வேலை செய்தார், கையில் லேடெக்ஸ் கையுறை. எந்தக் குறையும் சொல்ல முடியாது. சில மாதம் கழித்து நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூனில் இறந்துபோனார். அப்புறம் சோதித்துப் பார்த்தபோது அந்தத் திரவம் மெல்லிய லேடெக்ஸைப் பதினைந்து வினாடிக்குள் ஊடுருவிவிடும் என்று தெரிந்தது. கையுறையில் ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை. பார்க்க முழுசாகத்தான் இருந்தது.

பட்டறையில் அவ்வளவு கொடிய பொருள் இருக்காது. ஆனால் பெயிண்ட் தின்னர், அசிட்டோன், கிரீஸ் துடைக்கும் கரைப்பான் இருக்கும். நீல நிற மெல்லிய நைட்ரைல் கையுறை எண்ணெய்க்கு நன்றாகத் தாங்கும், அசிட்டோனுக்குத் தாங்காது, சில நிமிடத்தில் உள்ளே வந்துவிடும். அசிட்டோனுக்குப் பியூட்டைல் ரப்பர் வேண்டும். கையுறை தயாரிப்பவர்கள் எந்த ரசாயனத்துக்கு எத்தனை நிமிடம் தாங்கும் என்று அட்டவணை தருகிறார்கள். அதைக் கேட்டு வாங்கி ரசாயன டப்பா இருக்கும் அலமாரியிலேயே ஒட்டி வையுங்கள். உள்ளங்கை சில்லென்று உணர்ந்தால் கரைப்பான் உள்ளே வந்துவிட்டதாகவே நினைத்து உடனே கழற்றிக் கை கழுவச் சொல்லுங்கள்.

நெருப்புப்பொறி எழுதியது:

வெல்டர் நான். மூன்று விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

உதவியாள் கண். வெல்டர் முகத்தில் ஷீல்டு இருக்கும். ஜாப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் பையன் வெறும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிற்பான். ஒரு சின்ன டேக், அதாவது பிடிப்புக்கு ஒரு புள்ளி வெல்டிங், அடிக்கத்தானே என்று. அப்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, ராத்திரியில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல எரியும். எனக்கு முதல் வருடம் வந்தது. ஈரத் துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு சுவரோரமாக விடியும்வரை உட்கார்ந்திருந்தேன், விளக்கு வெளிச்சத்தைக் கூடத் தாங்க முடியவில்லை. உதவியாளுக்கும் ஷீல்டு வேண்டும், பக்கத்தில் நடப்பவர்களுக்குத் திரை வேண்டும்.

இரண்டாவது, துத்தநாகம் பூசிய குழாய். அதை வெல்டிங் அடித்தால் வெள்ளைப் புகை வரும். அன்று ராத்திரி குளிர்காய்ச்சல், உடம்புவலி. மறுநாள் சரியாகிவிடும், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு அடியுங்கள், புகையை உறிஞ்சும் குழாயை ஆர்க்குக்குப் பக்கத்தில் வையுங்கள். மாஸ்க் அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது, எந்த மாஸ்க். என்95 என்பது தூசிக்கும் புகைத்துகளுக்கும். மிக நுண்ணிய 0.3 மைக்ரான் துகளில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும். பெயிண்ட் வாடையை, கேஸை அது பிடிக்காது. அதற்குக் கரி அடைத்த வடிகட்டி, கார்பன் கார்ட்ரிட்ஜ், வேண்டும். அந்தக் கார்ட்ரிட்ஜும் ஆக்சிஜனைத் தயாரித்துத் தராது. தொட்டி, குழிக்குள் இறங்கும் வேலை என்றால் முதலில் காற்றை அளக்க வேண்டும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எந்த வடிகட்டி மாஸ்க்கும் உயிரைக் காப்பாற்றாது. மயங்கி விழுந்தவனைத் தூக்க அப்படியே உள்ளே குதித்தவர்கள் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள்.

அமைதிக்கரை எழுதியது:

தாடி வைத்திருப்பவர்கள் மாஸ்க் போட்டால் பயன் உண்டா? நான் மத நம்பிக்கைக்காக வைத்திருப்பவன், எடுக்க முடியாது.

நெருப்புப்பொறி எழுதியது:

முகத்தோடு ஒட்டி அடைக்கும் மாஸ்க்குக்குத் தாடி ஆகாது. முடி வழியாகக் காற்று உள்ளே போய்விடும், இரண்டு நாள் மழிக்காமல் விட்டாலே கசியும். ஆனால் உங்களுக்கு வழி இருக்கிறது. இடுப்பில் மாட்டிய சின்ன மோட்டார் வடிகட்டிய காற்றைத் தலைக்கூண்டுக்குள் அனுப்பும். அது முகத்தில் ஒட்ட வேண்டியதில்லை, தாடியோடு போடலாம். கேட்டு வாங்குங்கள் சகோ, கேட்பது உங்கள் உரிமை.

உயரப்பணி எழுதியது:

கறார்பேச்சு அண்ணனுக்குத்தான் இது. நீங்களும் கட்டடம், நானும் கட்டடம்.

சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1933-ல் தொடங்கி 1937-ல் முடிந்தது. அங்கே ஹெல்மெட் கட்டாயம் என்று வைத்திருந்தார்கள். அதோடு நிற்காமல் பாலத்துக்கு அடியில் முழு நீளத்துக்கும் வலை கட்டினார்கள். 19 பேர் அந்த வலையில் விழுந்து பிழைத்தார்கள். கடைசிக் கட்டத்தில், 1937 பிப்ரவரி 17-ல், ஒரு சாரம் அறுந்து விழுந்து வலையையும் கிழித்துக்கொண்டு போனதில் பத்துப் பேர் இறந்தார்கள், அது தீராத துயரம். ஆனால் அந்தப் பத்தொன்பது பேரும் வலையைத் தாங்களே மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. நினைவு வைத்துக் கொக்கி போட வேண்டியிருக்கவில்லை. விளிம்பில் கைப்பிடிச் சுவர், துளைக்கு மூடி, அடியில் வலை என்று முதலில் செய்யுங்கள். உடம்பில் வாரால் கட்டிக் கயிற்றோடு கொக்கியில் மாட்டும் ஹார்னஸ் அதற்குப் பிறகு வரட்டும்.

ஹார்னஸையும் கணக்குப் பார்க்காமல் மாட்டுகிறார்கள். கயிறு 1.8 மீட்டர். விழும்போது அதிர்ச்சி தாங்கும் மடிப்பு பிரிந்து இன்னும் 1.1 மீட்டர் நீளும். வார் 0.3 மீட்டர் இழுபடும். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். கூட்டினால் 4.7. கொக்கி மாட்டிய இடம் தரையிலிருந்து நாலரை மீட்டர் என்றால் கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் கால் தரையில் மோதிவிடும். நான் கேட்ட பத்துத் தளத்தில் எட்டில் இந்தக் கணக்கைப் போட்டவர் இல்லை. சரி, கயிறு பிடித்துவிட்டது என்றே வையுங்கள். தொங்குபவரைச் சில நிமிடத்துக்குள் யார், எதை வைத்து இறக்குவார்கள்? தொடை வார் அழுத்தி ரத்தம் காலிலேயே தங்கும், அசையாமல் தொங்கினால் உயிருக்கே ஆபத்து.

கறார்பேச்சு எழுதியது:

தொங்குபவரை இறக்க என் தளத்தில் ஏற்பாடு இல்லை. ஒத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை இதைத்தான் முதலில் பேசப்போகிறேன். விதி வேண்டும் என்பதில் மாறவில்லை, சூப்பர்வைசர் தானும் போட்டுக்கொண்டுதான் தளத்துக்குள் வர வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிட்டர்அக்கா எழுதியது:

இத்தனை பேர் பேசிவிட்டீர்கள், அளவு பற்றி யாரும் சொல்லவில்லை. என் கைக்குச் சின்ன அளவு கையுறை வேண்டும். ஸ்டோரில் இருப்பது ஒரே பெரிய அளவு. விரல் நுனியில் ஒரு அங்குலம் காலியாக மடிந்து கிடக்கும். அதோடு நட்டைப் பிடிக்க முடியாது, கழற்றித்தான் ஆக வேண்டும். ஷூ இரண்டு அளவு பெரிது. முன்பக்கம் துணியைத் திணித்துக்கொண்டு ஐந்து மாதம் நடந்தேன். ஏணியில் ஏறும்போது பாதம் ஓரிடத்திலும் ஷூ ஓரிடத்திலும் இருக்கும். கண்ணாடி கன்னத்தில் உட்காராமல் கீழே இடைவெளி விடும். நான் கேட்டபோதெல்லாம் "எல்லோருக்கும் இதுதான்" என்றார்கள். கழற்றியபோது மட்டும் என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

தம்பி, உங்கள் பதினாறு பேருடைய கை அளவும் கால் அளவும் உங்களிடம் எழுதி இருக்கிறதா?

புதுசூப்பர்வைசர் எழுதியது:

இல்லை அக்கா. இன்று காலைவரை இல்லை.

நான்கு நாளாக நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு, ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். கடிதம், பேனா எதுவும் கையில் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்பது பேர் ஆவி படிவதைச் சொன்னார்கள். மூன்று பேருக்கு இயர்பிளக் போட யாருமே கற்றுக்கொடுக்கவில்லை, ஒருவருக்குக் காதில் ஏற்கனவே சீழ். இரண்டு பேருக்கு ஷூ சின்னது, நகம் கறுத்திருந்தது, காட்டினார்கள். ஒருவர் மட்டும் "பழகிப்போச்சு சார், மறந்துடுது" என்றார்.

கண்ணில் துகள் விழுந்த பையனைக் கடைசியாகக் கூப்பிட்டேன். தன் கண்ணாடியை எடுத்து வந்து மேசையில் வைத்தான். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு லென்ஸும் கீறல், பொறி பட்டுப் பட்டு நடுவில் பால் போல மங்கியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு சாக்பீஸ் கோட்டைப் பார்க்க முயன்றேன். கோடு தெரியவில்லை. கோடு தெரியாமல் வெட்டினால் ஜாப் வீணாகும், வீணானால் நான் திட்டுவேன். அதனால் கோட்டைப் பார்க்கத் தூக்குவான், பார்த்துவிட்டு இறக்குவான். அன்று இறக்க மறந்துவிட்டான். புதியது கேட்டிருக்கிறான், மாதக் கடைசியில்தான் மாற்றித் தருவோம் என்று ஸ்டோரில் சொல்லியிருக்கிறார்கள். இதை அன்றே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. நான் அன்று நின்ற விதத்தில் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

எச்சரிக்கைக் கடிதத்தை அவன் முன்னாலேயே கிழித்துவிட்டேன். கார்டு இல்லாமல் இரண்டு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டையும் எடுத்துப் பூட்டி வைத்தாயிற்று. போர்டு இறங்கிவிட்டது. கண்ணாடி கீறியிருந்தால் தேதி பார்க்காமல் அன்றே மாற்றித் தர ஸ்டோரில் ஒத்துக்கொண்டார்கள். நாளை ஆறு வகைக் கண்ணாடி மாதிரிக்கு வருகிறது. மாஸ்க்கையும் போட்டுக்கொண்டு, சாக்பீஸ் கோட்டைப் பார்த்து, எது ஆவி படியாமல் இருக்கிறது என்று அவனையே முதலில் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.